நிருபப் பயிற்சியும் தேர்வும்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி. செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயிலாலும் அதன் கல்வெட்டுக்களாலும் வரலாற்று மாணவர் அதனை அறிவர். ஏனையோர்க்கு இன்று அது பீங்கான் பொருள்கள் செய்யும் ஊர். இவ்வூரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் திருக்கோயில் உள்ளது. அங்கே வழிபடுவோர் தம் குறையை வாயால் முறையிடுவதோடு நில்லாது எழுத்திலும் தருகின்றனர். பெயர், ஊர், குறை ஆகியவற்றை விளங்க எழுதிய தாளை இறைவன் திருவடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியிற் கொண்டுபோய்க் கட்டுகின்றனர். இதற்குப் 'பிராது கட்டுதல்' என்று பெயர். முறையிடுவோர் ஊர் எத்துணைத் தொலைவில் உள்ளதோ அதனைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறப்படுகிறது. குறை தீர்ந்தபின் மீண்டும் வந்து அப்பிராதினைத் திரும்பப் பெறுதல் வேண்டும். அதற்கு 'ராஜினாமா' என்று பெயர்.

இவ்வழிபாட்டின் சொற்களை நோக்குவோமாயின் அவை கோயிலிற் பிறந்தவை அல்ல என்பது புலனாகும். 'பிராது' என்பது பாரசீகத்து 'பிர்யாத்' என்னும் சொல்லின் திரிபு. 'ராசிநாமா' என்பதும் பாரசீகமே. உடன்பாட்டுப் பத்திரம் என்பது அதன் முதற்பொருள். வழக்காடுவோர் இருவரும் இசைந்து வழக்கை முடித்துக்கொள்ளும்போது எழுதித் தருவதும், குடியானவன் ஒரு நிலத்தை இனி உழுவதில்லை என்று விட்டுக்கொடுக்கும்போது எழுதித் தருவதும் ராசிநாமா எனப்பட்டன. அலுவலைத் துறத்தல் என்னும் பொருள் இன்று பெருவழக்காயிற்று. மணவாளநல்லூரிலோ பழைய கச்சேரிப் பொருளே நிலைத்துள்ளது. தொலைவைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறுவதும் நீதிமன்றச் சேவகர்க்கு வழிநடைக்கென்று படி கட்டிய முறையை நினைவூட்டுவது என்று கருதுகிறோம். கச்சேரியில் முறையிடுவது எவ்வாறு என்பதை மக்கள் எத்துணை நுட்பமாகக் கற்றிருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கற்றிருந்தனர் எனின், யாரிடம் கற்றனர்? எவ்வாறு தேர்வு பெற்றனர்? ஒரு நிறுவனத்துக்கு எழுதுதலும், அந்நிறுவனத்தினின்று வருவதைப் படித்தறிதலும் இன்று கல்லூரிகளில் ஒரு பாடமாக வைக்கப்பட்டு, ஒப்படைப்புக்களும் தேர்வுத் தாள்களும் அதற்கு அமைந்துள்ளன. இஃது மேலைநாட்டினின்று அண்மையில் வந்த புதுப்பாடம் என்று எண்ணுவோர் பலர். பாடத்தின் பெயர் புதிதாயிருக்கலாம், பயிற்சி புதிதன்று. அதன் வரலாற்றைத் தமிழகத்தளவில் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

சோழர் ஆட்சியில் ஓர் ஆணை பிறந்து ஊரைச் சென்றடையும் முறை கல்வெட்டுக்களாலும் செப்பேடுகளாலும் நன்கு விளங்குகிறது. மன்னன் வாய்மொழியாகக் கூறுவதைத் திருவாய்க்கேள்வி என்பர். அதனைக் கேட்டு எழுதுவோன் திருமந்திர ஓலை. எழுதியதை ஒப்புநோக்கி உறுதிசெய்வோன் திருமந்திர ஓலைநாயகம். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்தார் கையிற் சென்று வரிப்பொத்தகத்திற் பதியப்பெறும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடு, ஆணை பிறந்த நாள் வேறு, கணக்கில் ஏறிய நாள் வேறு என இரண்டையும் தனித்தனியே குறிக்கிறது. எழுதியவர், ஒப்பிட்டவர், பதிந்தவர், உடனிருந்தவர் என அதிகாரிகள் பலர் பெயரோடு கையெழுத்திடுகின்றனர். திருமுகம் வந்தபோது நாட்டார் எதிர்சென்று தொழுது வாங்கித் தலைமேற் கொண்டனர் என்பதும் அதனுள்ளேயே உள்ளது. ஆணையைப் பெறுதற்கும் ஒரு நெறி வகுக்கப்பட்டிருந்தது என்பது இதனாற் போதரும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) விதிகள் வாரியத்துக்கு நிற்போரின் வயது, நிலம், கல்வி ஆகியவற்றை வரையறுத்ததனைப் பலரும் எடுத்துக் கூறுவர். அவ்விதிகளுள் முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தோரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய விதியே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டுவது. கணக்கை எழுத்திற் காட்டுதலே அங்குத் தேர்வாயிற்று.

இக்காலத்து ஓலைப் பயிற்சியின் நுட்பத்தைக் காட்ட நடுநாட்டுத் தலமாகிய திருவெண்ணெய்நல்லூரினும் பொருத்தமான இடம் வேறில்லை. சுந்தரரை அடிமை என்று வழக்கிட்ட முதியவர் காட்டிய ஓலையை அவர் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உள்ளது என்றார் முதியவர். அவையத்தார் கரணத்தானைக் கொண்டு மூலவோலையைப் படிப்பித்தனர். அதிற் கையெழுத்திட்டிருந்த பாட்டனாரின் எழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு வைத்து ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். சேக்கிழார் சோழர் அமைச்சராயிருந்தவர் என்பதை மறவாது இப்பகுதியைப் படித்தல் வேண்டும். படியென்றும் மூலமென்றும் பிரித்தல், உரக்கப் படித்தல், கையெழுத்தை ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் அவர் நாள்தோறும் கண்ட அலுவல்முறையாதல் வேண்டும். பக்திச் சுவை மிக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறப் புகுந்தவிடத்தும் அலுவலரின் கை அவரறியாமலே வெளிப்படுகிறது.

அரண்மனையிலும் அவையிலும் இவ்வாறு விளங்கிய பயிற்சி ஊர்ச்சிறுவர்க்கு எவ்வழியிற் கிட்டியது என்பதை அறியத் திண்ணைப் பள்ளிகளையே நாடவேண்டும். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமசு மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டனர். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை கூறப்பட்டுள்ளது. அன்றைய மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரவர்க்கு ஒரு பள்ளி என்னும் அளவு இதனாற் பெறப்படும். மாவட்ட ஆட்சியாளர் பலர் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பினர். பள்ளியினுள்ளே நடந்தது யாது என்று விரித்து எழுதியவர் சிலரே. அவருள் தலையாயவர் பல்லாரி ஆட்சியாளர் ஏ. டி. காம்பெல். அவருடைய அறிக்கை 1823 ஆகத்தில் எழுதப்பட்டது.

பல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நாடாயிற்றே, அதனைக்கொண்டு தமிழ்த் திண்ணையை எவ்வாறு அறிதல் கூடும் என்னும் ஐயம் எழலாம். மணலில் விரலால் எழுதத் தொடங்குதல், மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தல், வாய்பாட்டை முறைவைத்துக் கூறுதல் முதலியன தென்னாடு முழுதும் ஒன்றாகவே இருந்தன. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்டுரு பெல், இம்முறையைச் சென்னையிற் கண்டே தம் விடுதியில் மேற்கொண்டு 1797இல் இலண்டனில் நூலாக்கினார். ஆதலின் காம்பெல் கூறுவனவற்றைத் தமிழ்த் திண்ணைக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

எழுத்தும் எண்ணும் முடிந்தபின் மாணாக்கர் கற்றவற்றைக் காம்பெல் வரிசைப்படுத்துகிறார். ஆசிரியர் பல இடங்களிலிருந்தும் திரட்டி வைத்திருக்கும் அரசாங்கக் கடிதங்களையும் பிற கடிதங்களையும் கொண்டு வெவ்வேறு கையெழுத்துக்களைப் படித்தறியப் பயிலுதல், பொதுவான கடிதங்கள் எழுதுதல், உடன்படிக்கைப் பத்திரங்கள் வரைதல் என்பன அவை. கதைகளைப் படித்தலும் செய்யுட்களை மனனம் செய்தலும் இவற்றோடு நிகழ்ந்தன. ஆசிரியர் கடிதங்களைத் திரட்டி வைத்திருந்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அவர் கையில் இருந்தவை மாதிரிக் கடிதங்கள் அல்ல. யாரோ ஒருவர் யாருக்கோ ஒரு காரணம் பற்றி எழுதி, அக்காரணம் தீர்ந்தபின் எஞ்சிய கடிதங்கள் அவை. பாடப்புத்தகம் என ஒன்றில்லாத காலத்தில், ஊரின் பழங்கடிதக் கட்டே பாடப்புத்தகமாயிற்று.

படித்தறிதல் என்பது இன்று எளிதாகத் தோன்றும். ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தோர்க்கே அதன் அருமை தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நாளைக் குறிக்க ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹, இலக்கத்துக்கு ௺ என்று குறியீடுகள் வரும். பின்னங்களாகிய முந்திரி, காணி, மா ஆகியவற்றுக்கும் தனிவடிவங்கள் உண்டு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றைத் திண்ணையில் உருப்போட்டவனே ஒரு கடன்முறியில் உள்ள தொகையைப் பிழையின்றிப் படிக்க வல்லவனாவான். இவற்றுக்குமேல் மோடியாக விரைந்து எழுதும் கணக்கரின் கையெழுத்தும் உண்டு. ஊர்க்கணக்கர் எழுதியதை ஊரார் படிக்கமாட்டாராயின் அவர் எழுதியதே நிலமாகவும் கடனாகவும் முடியும். ஆகவே கையெழுத்துப் படிக்கும் பயிற்சி அழகுக் கல்வியன்று. தன் பெயரில் எழுதப்பட்டது இன்னது என்று அறியும் வல்லமை அது.

எழுதும் பயிற்சியில் முதலிடம் பெற்றது விளிமரபு. பெரியோர்க்கு எழுதுவது ஒருவகை, ஒத்தவர்க்கு ஒருவகை, இளையோர்க்கு ஒருவகை. மகாராசராசஸ்ரீ என்பதனை 'ம-ள-ள-ஸ்ரீ' என்று சுருக்கி எழுதுதல் அச்சு வந்த பின்னரும் நெடுங்காலம் நின்றது. ஆங்கில அரசாங்கத்தின் பட்டியல்களிலும் அச்சுருக்கம் ஆங்கில எழுத்துக்களில் ஏறியது. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவேண்டியது' என்னும் முறையிலான தொடக்கமும், 'இப்படிக்கு' என்னும் முடிப்பும் சிறுவர் நாவிற் பழகியவை. இடையிலுள்ள செய்தி எத்துணைக் கடுமையாயினும் இவ்விரு கரைகளுக்கிடையே ஓடவேண்டும் என்பது திண்ணை இலக்கணம்.

தேர்வு என ஒரு நாள் குறித்து நடத்தும் வழக்கம் அங்கில்லை. எனினும் தேர்வு நாள்தோறும் நிகழ்ந்தது. புதிய கடிதம் ஒன்று ஊருக்கு வரும்போது பள்ளிச் சிறுவனை அழைத்துப் படிக்கச் சொல்லுவர். தடையின்றிப் படித்தால் ஆசிரியர்க்குப் பெயர். தடுமாறினால் பெற்றோர் அவர்க்குத் தரும் நெல்லும் அதற்கேற்பத் தடுமாறும். இத்துணை உடனடியான மதிப்பீட்டை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்ததில்லை.

திண்ணைக் கல்வியைப் புகழப் புகுவோர் அதன் எல்லையை மறைத்தல் கூடாது. பெண்மக்களுள் பள்ளி சென்றோர் மிகச் சிலர். தீண்டாமையால் விலக்கப்பட்டோர்க்குத் திண்ணையிற் பெரும்பாலும் இடமில்லை. அவர்கள் கடன்முறியில் கைநாட்டு வைத்தனர். அதிற் கண்ட தொகை இன்னதென்பது கடன் கொடுத்தோன் கூற்றே. காம்பெல் வேறொரு குறையையும் எடுத்துரைக்கிறார். மாணாக்கர் மனனம் செய்யும் செய்யுளின் மொழி வேறு, பேச்சிலும் அலுவலிலும் வழங்கும் உரைநடை வேறு. பொருள் அறியாமலே செய்யுளை ஒப்பித்தனர் என்பது அவர் குற்றச்சாட்டு. இதனை முற்றிலும் ஏற்றல் அரிது. செய்யுள் பின்னர்ப் பொருள் தருதற்கென்றே முன்னர் மனத்தில் வைக்கப்பட்டது. ஆயினும் அலுவல் உரைநடைக்கென்று ஒரு நூலும் இல்லாதிருந்தது உண்மையே.

அந்நூல்கள் தோன்றியது ஊர்ச்சிறுவர் பொருட்டன்று, ஆங்கில அதிகாரிகள் பொருட்டாகும். வரலாற்றின் இவ்விந்தையை விரித்துக் கூறுதல் வேண்டும்.

1801இல் கருநாடக நவாபோடு செய்த உடன்படிக்கையால் தென்னார்க்காடு உள்ளிட்ட நாடுகள் கிழக்கிந்தியக் கும்பினியின் நேராட்சியில் வந்தன. வரி தண்டலும் வழக்குத் தீர்த்தலும் அதன் கடமையாயின. இலண்டனிலிருந்து வந்த இளம் அதிகாரிகளோ தமிழறியாதவர். 1806இல் தோன்றிய எயிலிபரிக் கல்லூரியிற் கீழ்நாட்டு மொழிகளிற் சில கற்றே அவர்கள் வந்தனர். ஆனால் அங்குக் கற்ற பாரசீகமும் இந்துத்தானியும் சமற்கிருதமும் மணிமுத்தாற்றங்கரைக் குடியானவனோடு பேசுதற்கு உதவவில்லை. எனவே துபாசிகளின் வழியே கேட்டனர், துபாசிகளின் வழியே ஆணையிட்டனர். குடியானவன் கொடுத்த அர்ஜியில் இருப்பது ஒன்று, துரை செவியிற் படுவது வேறொன்று என்னும் நிலை உண்டாயிற்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பிரான்சிசு வைட் எல்லீசு. 1796இல் சென்னை வந்து, 1810இற் சென்னை ஆட்சியாளரானவர். அவர் முயற்சியால் 1812இற் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றியது. 1800இற் கல்கத்தாவில் வெல்லெசுலி நிறுவிய வில்லியம் கோட்டைக் கல்லூரி இதற்கு முன்மாதிரி எனினும், சென்னைக் கல்லூரி தென்னாட்டு மொழிகளையே முதன்மையாகக் கொண்டது. இளம் அதிகாரி ஒருவர்க்குத் தமிழாசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். குறித்த காலங்களில் அதிகாரிகளின் குழு தேர்வு நடத்தியது. ஆங்கிலத்தைத் தமிழிலும் தமிழை ஆங்கிலத்திலும் பெயர்த்தலும், தமிழில் உரையாடுதலும் தேர்வின் உறுப்புக்கள். தேர்ச்சிக்கேற்ப மாதப்படி உயர்ந்தது. தேறாதோர் கல்லூரியிலேயே காத்திருக்க நேர்ந்தது. வழக்கறிஞராகவும் சட்ட அலுவலராகவும் விரும்பிய இந்நாட்டாரையும் அக்குழுவே தேர்ந்து சான்று வழங்கியது. காம்பெல்லும் இக்கல்லூரியோடு தொடர்புடையவர். 1816இல் வெளிவந்த அவருடைய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லீசு வரைந்த முன்னுரையிலேதான் தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பத்தின என்னும் கருத்து முதன்முதலாகச் சான்றுகளோடு நிறுவப்பெற்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு அது 40 ஆண்டு முற்பட்டது. பல்லாரித் திண்ணையில் கையெழுத்துப் படிக்கும் பயிற்சியைக் காம்பெல் கூர்ந்து நோக்கியதன் காரணமும் இதனால் விளங்கும். சென்னையில் துரைமகனார் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, ஊர்ச்சிறுவன் அதனை எளிதிற் செய்வது வியப்பளித்திருத்தல் இயல்பே.

தேர்வு வந்ததும் நூல் வேண்டியதாயிற்று. பெசுகி என்னும் வீரமாமுனிவர் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் கல்லூரி அச்சகத்தில் 1813இல் அச்சேறியது. செந்தமிழ் இலக்கணத்தைவிட பேச்சுத்தமிழ் இலக்கணத்துக்கே தேர்வெழுதுவோர் முதலில் விழைந்தனர். கல்லூரியின் தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை உரைநடையிற் பெயர்த்து 1826இல் வெளியிட்டார். பின்னர்ப் பள்ளிச் சிறுவர் பல தலைமுறையாகப் பயின்ற இந்நூல், முதலில் ஆங்கில அதிகாரிகளின் பாடநூல். தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் கிறித்தவத் தொண்டரையும் செய்தித்தாளையும் எடுத்துரைப்பர். அலுவலர் தேர்வு என்னும் இம்மூன்றாவது காரணத்துக்கு அவர்கள் உரிய இடம் தருவதில்லை என்பது நம் கருத்து. எளிய வினைமுற்று, குறுகிய வாக்கியம், சந்தி பிரித்த சொல் என இன்று நாம் நல்ல உரைநடையின் இலக்கணமாகக் கொள்வனவற்றுட் சில, அயல்நாட்டார் ஒருவர் தேர்வில் தடுமாறாதிருத்தற்குச் செய்யப்பட்ட வசதிகளே.

இக்கல்லூரித் தேர்வின் தனிச்சிறப்பை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறையீட்டுத் தாள் ஒன்று இரு பயிற்சிகள் சந்திக்கும் இடம். ஒருபுறம் திண்ணைச் சிறுவன் அரசாங்கத்தின் நிருபத்தையும் தாக்கீதையும் படிக்கப் பயின்றான். மறுபுறம் துரைமகன் குடியானவனின் மொழியைக் கற்றுத் தேறினான். எழுதுவோனைப் போலவே பெறுவோனும் தேர்வுக்குட்பட்டான். எல்லீசு 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். கல்லூரி 1854இற் கலைக்கப்பெற்று, தேர்வுக்குழு மட்டும் எஞ்சியது. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன்பின் தேர்வின் சுமை சிறிது சிறிதாக ஒருபக்கமே சாய்ந்தது. அதிகாரி தமிழ் கற்றல் சடங்காயிற்று. குடியானவன் மகன் ஆங்கிலம் கற்றல் பிழைப்பாயிற்று.

இம்மாற்றத்தின் இடைநின்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இற் குளத்தூரிற் பிறந்த இவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீபானார். சதர் நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழிற் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். தீர்ப்பினால் நிலமிழந்தவன் அத்தீர்ப்பைத் தன் மொழியிற் படிக்கவேண்டும் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்துள் வழக்குமன்றங்களில் தமிழே வழங்குதல் வேண்டும் என்னும் வாதம் விரிவாக வருகிறது. கதைப்போக்குக்கு அது தடையென்பாரும் உளர். ஆவணக் காப்பறையிற் பல்லாண்டு இருந்த ஒருவர் அவ்வாதத்தை எழுதாதிருத்தல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறி அமைவோம். அரசுப் பணிக்கு ஆள் தேரும் ஆணைக்குழு இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னையில் 1929இல் ஏற்பட்டது. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. நகராட்சி ஆணையராயிருந்த கீ. இராமலிங்கனார் கோப்பு, குறிப்பு, வரைவு, சுற்றறிக்கை முதலியவற்றைத் தமிழில் எழுதும் நெறியை உருவாக்குவதில் உழைத்தார். அலுவலர்க்கென்று துறைத்தேர்வுகள் உள்ளன. அலுவலக நடைமுறை நூலிலும் தேர்வு உண்டு. தட்டச்சுத் தேர்வில் கடிதமும் அட்டவணையும் அடித்தல் வேண்டும். கையெழுத்துப் படியில் உள்ள திருத்தங்களை ஏற்று, சுருக்கங்களை விரித்து அடித்தல் என்பது திண்ணையின் கையெழுத்துப் பயிற்சியில் எஞ்சிய ஒரு துளி.

இனி, கல்லூரிப் பாடத்துக்கு வருவோம். விருத்தாசலத்து அரசு கலைக் கல்லூரி கொளஞ்சியப்பர் பெயராலேயே வழங்குகிறது. பிராது வாங்கும் இறைவன் பெயர் கல்விக்கூடத்துக்கு அமைந்தது தற்செயலே எனினும் பொருத்தமானது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வணிகவியல் மாணாக்கர் செய்தித் தொடர்புப் பாடம் பயிலுகின்றனர். அவர்க்கு விதிக்கப்படும் ஒப்படைப்புக்களையும் தேர்வு வினாக்களையும் நோக்கினால் ஒரு பொதுவியல்பு புலப்படும். கற்பனை நிறுவனம் ஒன்றுக்குக் கற்பனை வணிகர் ஒருவர், வந்துசேராத கற்பனைச் சரக்கைப் பற்றி முறையீடு எழுதவேண்டும். தொடர்பின் வகைகள் யாவை, தடைகள் யாவை என்று எண்ணி நிரல்படுத்தவேண்டும். எழுதிய கடிதத்தை அனுப்புவோரும் இல்லை, பெறுவோரும் இல்லை. ஆசிரியர் அமைப்புக்கு இத்துணை மதிப்பெண், முகவரிக்கு இத்துணை மதிப்பெண் என்று அளந்து தருகிறார். பிறர் எழுதிய கடிதத்தைப் படித்து, அவர் உண்மையில் வேண்டுவது யாது என்று கூறும் வினா அரிதாகவே வரும். பயிற்சியில் பாதி இவ்வாறு உதிர்ந்துவிட்டது.

அவ்வூரிலோ அதற்கு வேண்டிய பொருள் நிறைந்துள்ளது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண்ணோடு கிடைக்கும் வெண்களிமண்ணைக் கொண்டு பீங்கான் கூடங்கள் அகல்விளக்கும் பொம்மையும் மின்காப்புப் பொருளும் செய்கின்றன. சூளையிலிருந்து வரும் பொருளில் கீறல் விழுதல், மெருகு திரிதல், வழியில் உடைதல் ஆகியன அத்தொழிலோடு பிறந்தவை. உடைந்தது சூளையாலா, கட்டிய வைக்கோலாலா, ஏற்றிச்சென்ற வண்டியாலா என்பது குறித்து வணிகர்க்கும் செய்வோர்க்கும் இடையே எழும் கடிதங்களினும் சிறந்த பாடம் யாது? திண்ணை ஆசிரியர் இன்றிருந்தால் அக்கடிதங்களையே கேட்டு வாங்கிக் கட்டி வைத்திருப்பார். பெயர்களை மறைத்துவிட்டு அவ்வாறு செய்தற்குப் பாடத்திட்டத்தில் தடையொன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பெறுவோனைச் சோதிக்கும் பழைய தேர்வு முற்றும் மறைந்துவிடவில்லை. தமிழைப் பள்ளியிற் பயிலாது அரசுப் பணியிற் சேர்ந்தோர்க்கு இரண்டாம் வகுப்பு மொழித்தேர்வு என ஒன்று உண்டு. எழுத்தும் வாய்மொழியும் அதன் கூறுகள். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பெறும் இந்திய ஆட்சிப்பணி அலுவலர், எம்மாநிலத்திற் பிறந்தவராயினும், பயிற்சிக்காலத்திலேயே தமிழ் கற்றுத் தேறவேண்டும். கோட்டைக் கல்லூரியின் வழித்தோன்றல்கள் இவை. தென்னார்க்காடு 1993இற் பிரிக்கப்பட்டபின் விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. திங்கட்கிழமைதோறும் மாவட்டத் தலைநகரில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறும். கோடிட்ட தாளில் பென்சிலால் எழுதியதும், பள்ளிச்சிறுமி பாட்டிக்காக எழுதியதும், தட்டச்சு நிலையத்தில் அடித்ததும், எழுத்துப்பிழை மலிந்ததுமாக மனுக்கள் அங்கே வந்து குவிகின்றன. விளிமரபு சிலவற்றில் 'சமூகத்துக்கு' என்று பழைய கச்சேரியை நினைவூட்டும், சிலவற்றில் 'அம்மா' என்றே தொடங்கும். வடநாட்டினின்று வந்து தமிழ் கற்ற இளம் அதிகாரி அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்து, உதவியாளரை நோக்காது தாமே படிக்கத் தொடங்குகிறார். எல்லீசு வகுத்த தேர்வு அவ்விடத்தில் இன்னும் நடக்கிறது.